கறையின் உயரம்

எங்கள் வீட்டுச் சோபாவின் இடப்பக்க இருக்கையில், சாய்மானத்தின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறை இருந்தது. 2018-இல் வாங்கிய சோபா. மணல் நிறப் பாலியஸ்டர் துணி. காப்பி கொட்டினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். உடம்பெண்ணெய்க் கறை அப்படி வருவதில்லை. நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஏறி, அதன்மேல் தூசி ஒட்டி, ஒரு நாள் திடீரென்று பல ஆண்டுகளாக அங்கேயே இருந்ததைப்போல் காட்சி தரும். ஒரு தீபாவளிக்கு முன்பு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது, பால்கனிக் கதவு வழியாகச் சாய்ந்து விழுந்த மாலை வெயிலில்தான் அது என் கண்ணில் பட்டது. அதன் பிறகு அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் சோபாவைப் பார்க்காமல் கறையைத்தான் பார்த்தேன்.

அது யாருடைய தலையால் வந்தது என்பதில் எனக்கு அன்று ஐயமே எழவில்லை. என் மாமனார் கோபிச்செட்டிப்பாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறை கோவைக்கு வந்து எங்களுடன் நான்கைந்து நாள் தங்குவார். குளித்து முடித்ததும் செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெயை உள்ளங்கைக் குழி நிறைய ஊற்றி, உச்சியில் வைத்து, காதோரம்வரை வழித்துவிடுவது அவருடைய வழக்கம். அவர் நடந்து போன பின்னும் கூடத்தில் அந்த வாசம் சற்று நேரம் நிற்கும். நானோ தலைக்கு எண்ணெய் வைத்துப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. என் கணவர் வலப்பக்க ஓரத்தில்தான் எப்போதும் உட்காருவார். ஆகவே விசாரணைக்கு வேலையே இருக்கவில்லை.

அடுத்த முறை அவர் வருவதற்கு முன்பு அந்தச் சாய்மானத்தின் உச்சியில் ஒரு பழைய பூத்துவாலையை மடித்துப் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த முறை, நான் துவாலையை எடுத்துவருவதற்குள் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தாமே விரித்துக்கொண்டார். மூன்றாவது முறை, பால்கனியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்து, "இங்க காத்து நல்லா வருது அம்மிணி" என்றார். அந்தப் பால்கனி மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்கு அங்கே காற்று வராது, வெயில்தான் வரும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், சோபா தப்பித்தது என்று அப்போது எனக்குள் ஒரு நிம்மதி ஏற்பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த நிம்மதிதான்.

மாவும் நுரையும் வட்டமும்

கறையை எடுக்க நான் முதலில் செய்தது, எண்ணெய்ப் பசைக்கு நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்: கடலை மாவைத் தூவினேன். பிசுக்கு ஏறிய பாத்திரத்துக்கும் எண்ணெய்த் தலைக்கும் கேட்கும் மாவு சோபாவுக்கும் கேட்கும் என்பது என் கணக்கு. மாவு, சோளமாவு, முகப்பவுடர் ஆகியவை எல்லாம் நுண்ணிய துகள்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் எண்ணெயை உறிஞ்சிக்கொள்பவை. பவுடரிலுள்ள டால்க் என்னும் கனிமம் இயல்பாகவே நீரைத் தள்ளி எண்ணெயை ஏற்கும் தன்மையுடையது. ஆனால் இவையெல்லாம் எண்ணெய் இன்னும் எண்ணெயாக, ஓடும் நிலையில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். அன்று சிந்திய எண்ணெய் என்றால் ஓரிரவு பவுடரைப் போட்டுவைத்து மறுநாள் வேக்குவம் கிளீனரால் இழுத்தால் பாதி போய்விடும். மாதக்கணக்கில் காற்றுப் பட்டுக் கெட்டியாகி, இழையோடு இழையாக ஒட்டிப்போனதை மாவு என்ன செய்யும்? மாவு அப்படியே உலர்ந்த மாவாகவே திரும்பி வந்தது. கொஞ்சம் தையல் இடுக்கில் தங்கி, பிறகு எறும்பையும் கூட்டிவந்தது.

கொங்கு வீட்டில் எண்ணெய் என்றதும் நினைவுக்கு வருவது அரப்பு. அரப்புப் பொடியிலும் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின், சோப்பைப்போலவே நுரைத்து எண்ணெயைப் பற்றும். ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கலாம் என்று கரைத்தும் வைத்தேன். நல்லவேளையாக அந்தக் கரைசலின் பச்சை நிறத்தைப் பார்த்ததும் புத்தி வந்தது. தலைமுடியின் கறுப்பில் மறைந்துவிடும் சாயம் மணல் நிறத் துணியில் மறையாது. அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய் அதற்கு உரிய தலையில் தேய்த்துக்கொண்டேன்.

மூன்றாவதாகத்தான் உண்மையான தவற்றைச் செய்தேன். பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் கலக்கி, பஞ்சில் நன்றாக நனைத்து, கறை இருந்த இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு பழுப்பாக வந்ததைக் கண்டதும் உற்சாகம் பிறந்து, இன்னும் கொஞ்சம் நீர், இன்னும் கொஞ்சம் தேய்ப்பு. ஈரமாக இருந்தவரை கறை போய்விட்டதாகவே தோன்றியது. மறுநாள் காலையில், உள்ளங்கை அளவு இருந்த கறைக்குப் பதிலாக, சாப்பாட்டுத் தட்டு அளவில் பழுப்பு விளிம்பு கட்டிய ஒரு வட்டம் நின்றது.

இந்த வட்டம் ஏன் வருகிறது என்பதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது. அதைப் பிறகு படித்தபோது என் தவறு எனக்குப் புத்தகத்தில் அச்சடித்ததுபோல் தெரிந்தது. மேசையில் சிந்திய காப்பித் துளி காயும்போது நடுவில் வெளிறி, விளிம்பில் மட்டும் அடர்ந்த கோடாக நிற்கும் அல்லவா? சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் இதற்குக் காரணம் சொன்னார்கள். துளியின் விளிம்பு நகராமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அங்கே நீர் வேகமாக ஆவியாகிறது. இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நீர் ஓடுகிறது. ஓடும் நீர் தன்னில் மிதக்கும் துகளையெல்லாம் விளிம்புக்குச் சுமந்துகொண்டு போய் அங்கே இறக்கிவிடுகிறது. சோபாத் துணியில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். நான் கறையை இளக்கிவிட்டேன், ஆனால் வெளியே எடுக்கவில்லை. இளகியதை நீர் தன் போக்கில் எல்லைவரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. பழைய தூசியும் மிஞ்சிய சோப்பும் அங்கே போய்ச் சேர்ந்தன.

பாலியஸ்டர் துணியின் குணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பருத்தி நீரை விரும்பும். பாலியஸ்டர் எண்ணெயை விரும்பும். ஆகவே பாலியஸ்டரில் ஏறிய எண்ணெயைப் பிரிக்க நீர் மட்டும் போதாது. எண்ணெயைக் கரைக்கும் ஒன்று முதலில் வேண்டும். சோபாக்களின் இருக்கைக்கு அடியில் சில வேளைகளில் ஒரு சிறு சீட்டுத் தைத்திருப்பார்கள். அதில் டபிள்யூ என்றிருந்தால் நீர் கலந்த கரைசல், எஸ் என்றிருந்தால் கரைப்பான் மட்டும், இரண்டும் சேர்ந்திருந்தால் எதையும் பயன்படுத்தலாம், எக்ஸ் என்றிருந்தால் தூசியை இழுப்பதோடு சரி. எங்கள் சோபாவில் அந்தச் சீட்டே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, "துடைச்சா போயிரும் மேடம்" என்றார்.

சுவரும் சாய்மானத் துணியும்

தலை சாய்க்கும் இடத்துக் கறை சோபாவோடு வந்தது அன்று. என் அம்மா வீட்டுத் திண்ணையில், தாத்தா உட்காரும் இடத்துக்குப் பின்னால் சுவரில், ஒரு முழ உயரத்துக்கு மேல் வட்டமாக ஓர் எண்ணெய்த் தடம் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். அடித்த அன்று சுவர் வெள்ளையாக இருக்கும். மாசி முடிவதற்குள் அந்த வட்டம் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு மங்கலாக எட்டிப்பார்க்கும். தாத்தா இறந்த பின்பும் இரண்டு பொங்கலுக்கு அது வந்தது. உள்ளே ஊறிய எண்ணெய் மேலே பூசியதன் வழியாக வெளியே கசியும் என்பதை நான் அந்தச் சுவரிலேயே பார்த்திருக்கிறேன். சோபாவை நனைத்தபோது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஐரோப்பியர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆண்கள் தலையில் மக்காசர் எண்ணெய் என்ற ஒன்றைத் தேய்த்துக்கொண்டார்கள். இன்றைய இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மக்காசர் துறைமுகத்தின் பெயரால் விற்ற எண்ணெய் அது. லண்டனைச் சேர்ந்த ரோலண்ட் என்ற முடிதிருத்துபவர் அதை விளம்பரப்படுத்தி நாடெங்கும் பரப்பினார். அந்த எண்ணெயிலிருந்து நாற்காலியைக் காக்கச் சாய்மானத்தில் போட்ட பின்னல் துணிக்கு ஆன்டிமக்காசர் என்றே பெயர் வந்துவிட்டது. ரயிலில் ஏசி நாற்காலிப் பெட்டிகளின் தலைப்பக்கத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைத் துணி அதன் பேரன்தான். எங்கள் அத்தைகள் வீடுகளில் சோபா வந்த புதிதில் குரோஷா பின்னலில் முக்கோணமாகப் போட்டுவைத்தார்களே, அதுவும் அந்த வம்சம்தான். அவர்கள் வந்தவர் அனைவருக்கும் பொதுவாகப் போட்டார்கள். நான் ஒருவருக்கு மட்டும் போட்டேன்.

சோபாக்காரர் டேப்பை எடுத்தார்

வட்டம் வந்த பிறகு, சாய்மானத்துக்கு மட்டும் வேறு துணி போட்டுவிடலாம் என்று ஒரு சோபாக்காரரை வரவழைத்தேன். ஐம்பது வயதைக் கடந்தவர், பேச்சு குறைவு. சாய்மானத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, ஸ்டேப்ளர் பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒவ்வொன்றாக நெம்பி, ஒரு சாண் அகலத்துக்குத் துணியை விலக்கிக் காட்டினார். உள்ளே துணிக்கு அடுத்து ரெக்ரான் பஞ்சு, அதற்குப் பின்னால் ஃபோம். கறைக்கு நேர் பின்னால் பஞ்சு நிறம் மாறிக் கட்டிபட்டிருந்தது. விரலால் நசுக்கினால் மற்ற இடத்துப் பஞ்சைப்போல எழும்பாமல், ஈரமில்லாத ஒரு பிசுபிசுப்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. நான் ஊற்றிய நீரும் சோப்பும் அங்கேதான் போய் இறங்கியிருக்கின்றன என்று அவர் சொன்னார்.

பிறகு முன்பக்கத்துக்கு வந்து, இருக்கை மட்டத்திலிருந்து கறையின் நடுவரைக்கும் டேப்பை வைத்தார்.

"ஏனுங்க, இந்த எடத்துல உக்கார்றது யாருங்க?"

"எங்க மாமாங்க. தேங்காயெண்ணெ நெறையத் தேய்ப்பாரு."

"உசரமான ஆளுங்களா?"

"ஆறடிக்கு ஒரு இஞ்சு கம்மி இருப்பாருங்க."

அவர் டேப்பை எடுக்காமல் அப்படியே சற்று நேரம் பார்த்தார். "பதினாறு இஞ்சுங்க. ஆறடி ஆளுக்கு இது நடுமுதுகு. தலை சோபாவத் தாண்டி மேல போயிரும். நீங்க கொஞ்சம் உக்காருங்க பார்க்கலாம். எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காருங்க."

எப்போதும் உட்காருவதுபோல் என்றால், இரவு பத்து மணிக்கு மேல் எல்லோரும் படுத்த பின்பு உட்காருவதுபோல்: இடுப்பை இருக்கையின் நுனிவரை சறுக்கவிட்டு, காலை டீப்பாய்மேல் நீட்டி, கைப்பேசியை நெஞ்சுக்கு மேல் பிடித்துக்கொண்டு. அன்று காலை பதினொரு மணிக்கு, அந்நியர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் அப்படிச் சறுக்கினேன். தலை போய்ச் சேர்ந்த இடத்தில் துணி மற்ற இடங்களைவிடச் சற்று வழவழவென்றிருந்ததைப் பின்கழுத்தில் உணர்ந்தேன். திரும்பிப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. சோபாக்காரர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எண்ணெ வெக்காத தலையிலும் எண்ணெ இருக்குதுங்களே" என்று மட்டும் சொன்னார். மாமனார் உட்காரும்போது முதுகு சாயாது என்பதும், இருக்கையின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிப்பார் என்பதும் அதன் பிறகே என் நினைவில் வரிசையாக எழுந்தன. அத்தனையும் நான் தினம் பார்த்தவைதான்.

அன்று இரவு என் தலையணையின் உறையைக் கழற்றிப் பார்த்தேன். உறைக்கு உள்ளே, வெள்ளைத் துணியில், மஞ்சள் படர்ந்து தேசப்படம்போல் கிடந்தது. எண்ணெயே வைக்காத தலையின் தலையணை.

தோலின் எண்ணெய்

நம் தோலில் சுரக்கும் சீபம் என்னும் எண்ணெயில் பாதிக்கு மேல் கொழுப்பும் கொழுப்பு அமிலங்களும். நான்கில் ஒரு பங்கு மெழுகு. பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஸ்குவாலீன். உச்சந்தலையிலும் முகத்திலும் இது மிகுதி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இதைச் சுரக்கும் சுரப்பிகளே இல்லை. ஆகவே சோபாவின் கைப்பிடி கறுப்பது கை சுரந்ததால் அன்று, கை முகத்தையும் முடியையும் தொட்டு எடுத்துவந்ததாலும் பூசிய கிரீமாலும்தான். ஸ்குவாலீனை 1906-இல் சுறாமீன் ஈரலெண்ணெயில் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலர் மிட்சுமாரு சுஜிமோட்டோ. அதன் மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை எளிதில் தாக்குகிறது. நாளடைவில் அது மஞ்சளித்து, பிசின்போல் இறுகி, வாடையும் பிடிக்கிறது. தேங்காயெண்ணெயோ ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு; அவ்வளவு எளிதில் காறிப்போகாது. தேங்காயெண்ணெய் துணியில் பட்டால் கறை விழாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பழுத்து மஞ்சளாகி, மாவுக்கும் சோப்புக்கும் அசையாமல் நின்ற அந்தக் குறிப்பிட்ட பிடிவாதம், செக்கு எண்ணெயின் குணத்தைவிட என் தலையின் குணத்துக்கே நெருக்கமானது. அதோடு நான் முடிக்குப் பூசும் சீரம், இரவில் முகத்துக்குப் போடும் கிரீம் எல்லாம் வாசமில்லாதவை. வாசமில்லாததால் அவற்றை எண்ணெய் என்று நான் எண்ணியதே இல்லை.

துணி மாற்ற வேண்டியதில்லை, முறையாகத் துடைத்தால் பெரும்பகுதி போகும் என்றார் சோபாக்காரர். சிலர் செய்வதுபோலப் பெட்ரோல் வாஷ் மட்டும் வீட்டில் முயலக்கூடாது என்றும் எச்சரித்தார்; ஃபோமுக்குள் இறங்கிய பெட்ரோல் காய்வதற்குள் ஒரு தீக்குச்சி போதும். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து மூன்று வாரம் செய்தேன். முதலில் வேக்குவம் கிளீனரால் தூசியை எடுத்தேன். உலர்ந்த தூசி நனைந்தால் சேறாகிவிடும். பிறகு மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலை, சோபாவின் அடிப்பக்கத் துணியில் தொட்டுச் சாயம் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வெள்ளைத் துணியில் சிறிது நனைத்து ஒற்றினேன். சன்னல்கள் திறந்திருந்தன; பூஜை விளக்கை அணைத்துவிட்டேன். தேய்க்காமல் ஒற்றுவதும், ஒவ்வொரு ஒற்றுக்கும் துணியின் புதுப் பக்கத்தைக் காட்டுவதும், வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கிப் போவதும்தான் இந்த வேலையின் முழுக் கலையும். முதல் ஒற்றில் வெள்ளைத் துணியில் விழுந்த மஞ்சள், நான் எதிர்பார்த்ததைவிட அடர்த்தியாக இருந்தது.

அதற்குப் பிறகே சோப்பு. பாத்திரம் கழுவும் திரவத்தை நீரில் நன்றாக அடித்து, மேலே எழும் நுரையை மட்டும் வழித்துப் பூசினேன். நுரையில் நீர் குறைவு, ஆகவே அது பஞ்சுவரை இறங்காது. அடுத்து, வெறும் நீரில் பிழிந்த துணியால் சோப்பை முற்றிலும் எடுத்தேன். மிஞ்சிய சோப்பு காய்ந்த பின் புதிய தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. கடைசியாக, கறை இருந்த இடத்தோடு நிறுத்தாமல், ஒரு தையலிலிருந்து மறு தையல்வரை அந்தப் பலகம் முழுவதையும் ஒரே அளவாக ஈரமாக்கி, வெள்ளைத் துண்டை வைத்து அழுத்தி, மேசை விசிறியை நேராகத் திருப்பிவிட்டேன். விளிம்பு என்று ஒன்று நடுத்துணியில் இல்லாவிட்டால் வட்டம் கட்டவும் இடமில்லை. முடி உலர்த்தியை எடுக்கவில்லை. சூடு பட்டால் மிச்சமிருக்கும் எண்ணெய் இன்னும் இறுகிவிடும்.

காய்ந்த மறுநாள் சோபா சுத்தமாக இருந்தது. நான்காம் நாள், திண்ணைச் சுவரின் வட்டத்தைப்போல், மங்கலாக அது மறுபடி தலைகாட்டியது. பஞ்சில் இருந்தது மேலே ஏறி வந்திருக்கிறது. மறுபடியும் ஒற்றினேன். இரண்டாம் முறை இன்னும் வெளிறியது. மூன்றாவது முறைக்குப் பின், பால்கனிக் கதவைத் திறந்து மாலை வெயில் சாய்வாக விழும்போது, இங்கேதான் இருந்தது என்று தெரிந்தவர் தேடினால் மட்டும் கிடைக்கும் அளவுக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் நான் போகவில்லை.

அந்த மாதக் கடைசியில் மாமனார் வந்தார். குளித்து, எண்ணெய் வைத்து, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நேரே பால்கனிக்கு நடந்தார். "மாமா, இங்க உக்காருங்க" என்று சோபாவைக் காட்டினேன். அவர் வந்து பார்த்தார். இடப்பக்கச் சாய்மானத்தில் பூத்துவாலை விரித்திருந்தது. முன்பு போட்ட இடத்தைவிடக் கீழே, சரியாகப் பதினாறு அங்குலத்தில். அவர் பழக்கத்தில் தோள் துண்டின்மேல் கையை வைத்தபடி துவாலையைப் பார்த்து, "இதென்ன அம்மிணி, இவ்வளவு கீழ போட்டிருக்கற?" என்று கேட்டார்.

"அது எனக்குங்க மாமா."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துவாலையைத் தொடாமல், நடு இருக்கையின் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.